மேல்கரைக் கணக்கு

1937 ஏப்ரல் 8, வியாழன்

கண்ட்ராக்டர் மீரான் சாகிபு இன்று எனக்குப் புது டிராயிங் பலகை வாங்கித் தந்தார். பழையது நடுவில் குழிந்துபோய், நேர்கோடு போட்டாலும் நெளிந்துதான் விழும். இரண்டு வருஷமாக அதிலேயே மடைக்கும் சுற்றுச்சுவருக்கும் படம் போட்டுக்கொண்டிருந்தேன். புதுப் பலகையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. சாகிபு சிரித்துவிட்டார்.

"தடவுனது போதும் தம்பி. அதுல போடப்போற மொத வேலையைக் கேளு" என்றார்.

மேலத்தோப்புக்காரர்கள் ஆற்றுக்குக் குறுக்கே தொங்குபாலம் கேட்கிறார்கள். வண்டி போக வேண்டாம், ஆள் நடந்தால் போதும். ஆனிச் சாரலுக்கு முன் முடிந்தாக வேண்டும். ரங்கூனில் முப்பது வருஷம் பாலம் கட்டிவிட்டு இப்போது குற்றாலத்தில் குடியிருக்கும் எஞ்சினியர் சிவசுப்பிரமணியன் மேற்பார்வை. கணக்கும் படமும் நான்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மேலத்தோப்பு என்று காதில் விழுந்ததும் கை பலகையிலிருந்து தானாக எடுபட்டுவிட்டது. சாகிபு கவனிக்கவில்லை.

வடிவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. மங்கை மதினி வந்துபோக ஒரு வழியாச்சே" என்றாள். பெண்டாட்டி சரியாக அந்த இடத்தில்தான் கை வைப்பாள்.

ஏப்ரல் 11, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டால் கொஞ்சம் சின்னதாகும் என்று தோன்றுகிறது.

சென்ற ஆனியில் ஒரு விடியற்காலை அப்பா போனார். மங்கை அக்காவை மேலத்தோப்பில் கொடுத்திருக்கிறது. சேதி சொல்ல நானே ஓடினேன். ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. நான் வந்து நிற்பதை யாரோ பார்த்துச் சொல்லி, அக்கா அக்கரையில் வந்து நின்றாள். நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். நான் இரண்டு கையையும் வீசினேன். இறங்காதே, இறங்காதே என்று. அவள் நின்றாள். என்னையே பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுற்றுப்பாதை ஏழு மைல். அதிலும் ஒரு ஓடை குறுக்கே, வெள்ளம் வடிந்தால்தான் கடக்கலாம். மறுநாள் சாயங்காலம் அவள் தென்காசிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீடு கழுவிவிட்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு முடிந்ததும் போனாள். அப்புறம் வரவே இல்லை. மாசி பங்குனியில் அந்த ஆற்றில் கணுக்கால்கூட நனையாது. அப்போதும் வரவில்லை. நானும் அந்தக் கரைப் பக்கம் போகவில்லை.

தலைத்திவசம் ஜூலை முதல் தேதி. பஞ்சாங்கம் பார்த்தாகிவிட்டது. அதற்கு அவள் வந்தாக வேண்டும். பாலம் இருந்தும் வராவிட்டால்? அதை அப்போது பார்க்கலாம். இல்லாத பாலத்தில் ஏறி வா என்று யாரையும் கூப்பிட முடியாது.

ஏப்ரல் 17, சனி

குற்றாலத்தில் எஞ்சினியர் வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் தாடி, காலில் பர்மாச் செருப்பு. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன்: இன்டர்மீடியட்டில் கணக்கு முதல் தடவையே பாஸ், இங்கிலீஷில் இரண்டு தடவை விழுந்தேன்.

"அதனால என்ன? எல்லாத்தையும் தமிழிலேயே எழுதித் தர்றேன். எனக்கும் பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். எவ்வளவு பெரிய மனசு.

தேர்வடம் மாதிரி முறுக்கின இரும்புவடம் இரண்டு. இரண்டு கரையிலும் தூண் நிறுத்தி அவற்றைத் தொங்கவிட வேண்டியது. வடத்திலிருந்து ஆறு அடிக்கு ஒரு கம்பி கீழே இறங்கும். கம்பிகளின் நுனியில் நடைபலகை சமமட்டமாக உட்காரும். வடம் வளைந்து தொங்குகிறது, பலகையோ நேராக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு நீளம். அந்த நீளங்களைத்தான் நான் கணக்குப் போட்டுத் தர வேண்டும். வெறும் வடம் தொங்கினால் அது வேறு வளைவாம். பலகையின் பாரம் சமமாக ஏறினபிறகுதான் அது பாரபோலாவாக மாறும் என்றார்.

பாரபோலா! காலேஜில் நோட்டுப் புத்தகத்தில் நூறு போட்டிருக்கிறேன். ஒன்றில்கூட ஆள் நடந்ததில்லை.

வீட்டில் வடிவு கேட்டாள். "அது என்ன பேரு? பாரம் போலவா?" திருத்தினேன். "நான் பாரம்போலன்னே சொல்லுதேன். அர்த்தமாவது இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 20, செவ்வாய்

நாள் முழுக்க வளைவுகள். சந்தோஷமாக இருந்தேன்.

தூண்களுக்கு நடுவே அறுபது அடி. முதலில் y = x²/72 என்று போட்டுப் பார்த்தேன். x என்பது வடத்தின் தாழ்ந்த புள்ளியிலிருந்து பக்கவாட்டில் எத்தனை அடி என்பது. y என்பது அங்கே வடம் எத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்பது. தூணருகே பன்னிரண்டரை அடி வந்தது. தென்னங்கன்று உயரத்துக்குத் தூண் எழுப்ப வேண்டும். 72-ஐ இரட்டித்து 144 ஆக்கினேன். வளைவு அப்படியே படுத்துக்கொண்டது, ஆறேகால் அடி. கீழ் எண் பெருத்தால் வளைவு விரிந்து படுக்கிறது, சிறுத்தால் ஒடுங்கி எழுந்து நிற்கிறது. முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் கவிழ்ந்து மடைக்கல் வளைவாகிவிடுகிறது. ஒரே ஒரு எண்ணைத் தொட்டால் முழுப் பாலமும் அசைகிறது. அசைப்பது நான். இந்த வயதில் இப்படி ஒரு விளையாட்டு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

144 போதும், வடம் தாங்கும் என்று எஞ்சினியர் சொல்லியனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 24, சனி

எஞ்சினியர் மட்டம் பார்த்துவிட்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அழகான, குண்டு குண்டான தமிழ் எழுத்து. அப்படியே ஒட்டிவைத்திருக்கிறேன்:

"மேல்கரைத் தூண் உச்சி, பலகை மட்டத்திலிருந்து 10 அடி. கீழ்கரைத் தூண் உச்சி 5 அடி. வடத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் கம்பி 1 அடி."

மலை மேற்கே இருக்கிறது. மேலக்கரை உயரமாகத்தானே இருக்கும். ஆக, தாழ்ந்த புள்ளி நடுவில் வராது. குட்டைத் தூண் பக்கமாக நகரும். எவ்வளவு? ஒரு அடியைக் கழித்தால் 9-ம் 4-ம். வர்க்கமூலம் 3-ம் 2-ம். அறுபதை மூன்றுக்கு இரண்டாகப் பிரித்தால் 36, 24. நடுவிலிருந்து சரியாக ஆறு அடி கிழக்கே. 36-ஐ வர்க்கித்து 144-ஆல் வகுத்தால் 9. 24-க்கு 4. ஒரு பின்னம்கூட மிஞ்சவில்லை. எழுந்து அறையை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 27, செவ்வாய்

நடுப்புள்ளியிலிருந்து அளப்பதாக வைத்து எழுதினேன்: y = (x − 6)²/144 + 1. மேற்கு இடக்கைப் பக்கம், கிழக்கு வலக்கைப் பக்கம்.

டிரேசிங் காகிதத்தில் மையால் வரைந்து, வெளிச்சத்தில் சரிபார்க்க ஜன்னல் கம்பியில் ஒட்டினேன். வெளியே வடகம் காயப்போட வந்த வடிவு ஜன்னல் வழியே பார்த்தாள்.

"கழித்தல்னு போட்டிருக்கிய. கழிச்சா இடது பக்கம்லா போகணும்? வலது பக்கம் போயிருக்கு?"

அவள் அஞ்சாம் வகுப்பு. காலேஜில் என்னோடு படித்தவர்கள் பாதிப்பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே உருப்போட்டார்கள். சொன்னேன்: அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் ஆகிற இடம்தான் அடிமட்டம். x எத்தனையாக இருந்தால் அது பூஜ்யம்? ஆறு. ஆறு வலப்பக்கம்தானே இருக்கிறது. கூட்டல் போட்டால் மைனஸ் ஆறில் பூஜ்யமாகும், இடப்பக்கம் போகும்.

கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "ஆனா எனக்கு இங்கன இருந்து பாக்க இடது பக்கம்தான் சாஞ்சு கெடக்கு. அப்ப எனக்குக் கூட்டலா?" என்றாள்.

நீ பின்பக்கத்திலிருந்து பார்க்கிறாய், வடகத்தைக் கவனி என்றேன். அவள் கேட்டது சரியான கேள்வி என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அவளிடம் சொல்லப்போவதில்லை.

மே 2, ஞாயிறு

எஞ்சினியர் புதுச்சீட்டு. தாழ்ந்த இடத்தில் வடம் ஒரு அடி உயரத்தில் இருந்தால் தலைச்சுமையோடு வருகிற பெண்கள் தடுக்கி விழுவார்கள், இரண்டடியாக்கு என்கிறார். இரண்டு தூணையும் ஓரடி உயர்த்திவிடுகிறாராம்.

கடைசியில் இருந்த 1-ஐ அழித்து 2 என்று எழுதினேன். அவ்வளவுதான். எல்லாக் கம்பியும் ஓரடி நீண்டது. வளைவு சாயவில்லை, விரியவில்லை, அப்படியே மேலே ஏறிக்கொண்டது. இரண்டு நிமிஷ வேலை. சாகிபுவிடம் இரண்டு நாள் கேட்டேன்.

மே 6, வியாழன்

பட்டியல் முடிந்தது. ஒரு வடத்துக்கு ஒன்பது கம்பி, இரண்டு வடத்துக்குப் பதினெட்டு. மேல்கரையில் முதல் நம்பர் எட்டடி மூன்று அங்குலம். அங்கிருந்து ஆறு, நாலேகால், மூன்று, இரண்டடி மூன்று அங்குலம் என்று இறங்கி, ஆறாம் நம்பரில் இரண்டடி. பிறகு ஏறி, ஒன்பதாம் நம்பர் நாலேகால்.

எஞ்சினியர் படத்தைப் பார்த்தார். "மேல்கரையில நீளம், கீழ்கரையில குட்டை. கரெக்ட்" என்று கையெழுத்துப் போட்டார். கொல்லர் ஏசுவடியானிடம் கொண்டு கொடுத்தேன். ஒவ்வொரு கம்பியிலும் நம்பருக்குத் தக்க வெட்டுப் போடச் சொன்னேன். "பிள்ளைவாள், ஒரு நூல் பிசகாது. பிசகுனா உம்ம கணக்கு பிசகுனதா இருக்கும்" என்றார். வாய் நீளம். வேலை சுத்தம்.

மே 16, ஞாயிறு

தூண்கள் எழும்பிவிட்டனவாம். சாகிபு வண்டியில் இடம் இருக்கிறது, வா என்றார். வயிற்றுவலி என்றேன்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா என்ன? நீங்க கணக்குப் போட்ட பாலம்லா" என்கிறாள் வடிவு.

கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தால் கரையிலும் சரியாகத்தான் இருக்கும் என்றேன். அவள் சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். இல்லாத வலிக்கு அதைக் குடித்தேன்.

மே 30, ஞாயிறு

வடம் இழுத்துக் கட்டியாகிவிட்டது. இனிக் கம்பி, பலகை. மத்தியானம் குற்றாலத்து மலையில் மேகம் இறங்கி நின்றது. சட்டென்று காற்று குளிர்ந்தது. ஊரே சந்தோஷப்படுகிறது. நான் மட்டும் அண்ணாந்து பார்த்து, இன்னும் பத்து நாள் பொறு என்கிறேன்.

ஜூன் 6, ஞாயிறு

கம்பி பொருந்தவில்லை.

சாகிபுவின் ஆள் சாயங்காலம் வந்தான். மேல்கரையில் ஒன்றாம் நம்பரை மாட்டினால் பலகை மட்டத்தையும் தாண்டி நாலடிக்குத் தண்ணீரைப் பார்த்துத் தொங்குகிறதாம். மறுகரையில் ஒன்பதாம் நம்பர் மட்டத்துக்கு எட்டவே இல்லையாம். வேலையை நிறுத்திவிட்டார்கள்.

கணக்கை முதலிலிருந்து மூன்று முறை போட்டேன். தப்பில்லை. எங்கேயும் தப்பில்லை. அப்ப எங்கன இருக்கு தப்பு? வடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "காகிதத்துல இல்லைன்னா கரையிலதான இருக்கும்" என்றாள்.

நாளை போக வேண்டும். நானேதான் போக வேண்டும்.

ஜூன் 7, திங்கள்

விடிந்ததும் போனேன். தூறல். வண்டியை விட்டு இறங்கி, தலையைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லாமல் கொஞ்சநேரம் மாட்டைத் தட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தேன்.

மேலக்கரையில் தூண் குட்டையாக நிற்கிறது. நெட்டைத் தூண் கிழக்கே, நாங்கள் நிற்கிற பக்கம், பெரிய பாறையின் முதுகில். அந்தப் பாறை எனக்குத் தெரியாததா? பத்து வயதில் அதிலிருந்து ஆற்றில் குதித்திருக்கிறேன். இந்தத் திருப்பத்தில் மட்டும் கிழக்குக் கரைதான் உயரம். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. நினைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

எஞ்சினியர் குடையோடு பாறைமேல் நின்றார். "மேல்கரையில நீளக் கம்பின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஏன் இவங்க அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டுறாங்க?" என்றார்.

"மேலக்கரை அதுதானே ஐயா" என்று மேற்கே காட்டினேன்.

"அது தாழ்ந்த கரையாச்சே. இதுதான் மேல்கரை" என்று அவர் தன் காலடிப் பாறையைக் குடைநுனியால் தட்டினார்.

ஏசுவடியானுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயா, எங்க ஊருல மேலன்னா மேக்கு. கீழன்னா கெழக்கு. மேடு பள்ளத்துக்கு வேற வார்த்தை வச்சிருக்கோம்" என்றார்.

எஞ்சினியர் முகம் சுண்டிவிட்டது. இங்கிலீஷில் எழுதியிருந்தால் 'ஹை பாங்க்' என்றுதான் எழுதியிருப்பேன், தப்பே வந்திருக்காது என்றார். எனக்காகத் தமிழில் எழுதினதால் வந்த வினை. படத்தில் நானும் அதே வார்த்தையை எழுதினேன். அவர் அதைத் தன் அர்த்தத்தில் வாசித்துச் சரி என்றார், வேலையாட்கள் எங்கள் அர்த்தத்தில் வாசித்து மாட்டினார்கள். இந்தக் கரையை ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது என் தப்பு. எல்லோர் முன்னிலும் அதைச் சொன்னேன்.

சாகிபு திட்டவில்லை. மலையைப் பார்த்தார். "பதினெட்டையும் புதுசா அடிக்க எத்தனை நாள்?" என்றார். பதினைந்து நாள் என்றார் ஏசுவடியான். பதினைந்து நாளில் ஆறு வந்துவிடும். வடத்தில் ஆள் ஏற முடியாது. பாலம் புரட்டாசிக்குப் போய்விடும். ஜூலை ஒன்று போய்விடும்.

கையில் டிரேசிங் காகிதம் இருந்தது. தூறல் படாமல் மடக்கப் போனேன். காற்று அதைப் புரட்டிவிட்டது. பின்பக்கம் தெரிந்தது. தாழ்ந்த புள்ளி இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்ப எனக்குக் கூட்டலா என்று ஜன்னலுக்கு வெளியே நின்று வடிவு கேட்டது காதில் விழுந்தது.

நான் போட்டது (x − 6)². வேண்டியது (x + 6)². ஒன்று மற்றொன்றின் முதுகுப்பக்கம். வளைவு அதே வளைவு, 144 அதே 144, உயரம் அதே உயரம். ஒன்பது கம்பியும் அதே ஒன்பது கம்பி.

"புதுசா ஒண்ணும் அடிக்க வேண்டாம். ஒண்ணாம் நம்பரை இந்தப் பாறைப் பக்கம் மாட்டுங்க. இங்கேயிருந்து அங்கே எண்ணிக்கிட்டே போங்க" என்றேன்.

ஏசுவடியான் என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "எண்ணுததைத் திருப்பி எண்ணுனாப் போதுமா? இதுக்கா பிள்ளைவாள் மூஞ்சி இப்படிச் செத்துப்போச்சு" என்றார்.

மத்தியானத்துக்குள் பதினெட்டும் ஏறிவிட்டன. சில கம்பி இரண்டு விரல் ஏற இறங்க நின்றது. பாரம் ஏறினால் சரியாகும் என்றார் எஞ்சினியர். எஞ்சியதை மரையில் திருகிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து வடிவிடம் முழுவதும் சொன்னேன். அவள் கேட்டது சரியான கேள்வி என்பதையும் சொன்னேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

ஜூன் 9, புதன்

பலகை போட்டாகிவிட்டது. ஒவ்வொரு பலகையாக ஏற ஏற வடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் திருத்திக்கொண்டது. கடைசிப் பலகைக்குப் பின் தூரமாகப் போய் நின்று, படத்தை ஒரு கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கோட்டின்மேல் கோடு.

பாரம் ஏறினபிறகுதான் பாரபோலா. வடிவு வைத்த பேர்தான் சரி.

ஜூன் 13, ஞாயிறு

சாரல் கட்டிவிட்டது. ஆறு சிவந்து வருகிறதாம். பாலத்தில் ஆள் நடக்கிறார்கள். இன்று எங்கள் வீட்டில் சொதி. நாலு கரண்டி சோறு கூடவே போயிற்று.

ஜூன் 20, ஞாயிறு

"நீங்களே நேர்ல போய்க் கூப்பிடணும்" என்று வடிவு சொல்லிவிட்டாள். போனேன். பாலத்தில் முதல் தடவையாக நடந்தேன். கீழே வெள்ளம். கம்பியை எண்ணிக்கொண்டே போனதால் பயம் தெரியவில்லை.

அத்தான் நன்றாகப் பேசினார். அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையோரம் நின்றாள். "பாலத்துக்கு நீதான் கணக்குப் போட்டியாமே" என்றாள். ஆமாம் என்றேன். "ம்" என்றாள். திவசத்துக்கு வா என்றேன். "பாப்போம்."

ஒரு வருஷத்தில் என்னோடு அவள் பேசின முதல் பேச்சு. மொத்தம் ஏழு வார்த்தை இருக்காது. திரும்பும்போது பாலத்தின் நடுவில் கொஞ்சநேரம் நின்றேன்.

ஜூன் 28, திங்கள்

மேலத்தோப்பிலிருந்து சேதி ஒன்றும் இல்லை.

ஜூலை 1, வியாழன்

சாரல் ஓய்ந்து, காலையிலேயே வெயில். மலையில் மட்டும் இன்னும் பெய்துகொண்டிருந்தது. ஆறு போன வருஷம் போலவே இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. ஐயர் பத்து மணிக்குத்தான் வருவார். ஆறு மணிக்கே வண்டி பிடித்துப் போய்ப் பாறைமேல் நின்றேன். போன வருஷம் நின்ற அதே இடம்.

வெகுநேரம் யாரும் இல்லை. புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் வந்து போனார்கள். பிறகு அக்கா வந்தாள். கையில் தூக்குச்சட்டி, பின்னால் அத்தான். பாலத்தில் கால் வைக்குமுன் ஒரு தடவை நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கையை அசைக்கவில்லை. சும்மா நின்றேன். அவள் நடந்து வந்தாள்.

"ஏலே, எதுக்குலே இங்கன வந்து நிக்க?"

"வருவியோ மாட்டியோன்னு."

"வராதன்னு கையை வீசுனவன் நீதானலே."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "எறங்காதன்னுல்லாக்கா வீசுனேன். வெள்ளம் இழுத்துட்டுப் போயிரும்னு" என்றேன்.

அக்கா ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். தான் போன வருஷம் உட்கார்ந்திருந்த கரையைப் பார்த்தாள். "எனக்கு அங்கன இருந்து பாக்க, நீ வரவேண்டாம்னு வெரட்டுத மாதிரில்லா இருந்துச்சு" என்றாள். அத்தான் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு வண்டிப்பக்கம் நகர்ந்துவிட்டார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது கம்பி. எண்ணிக்கிட்டுதான் வந்தேன். நடுவுல குட்டையாயி, உன் பக்கம் வர வர நெட்டையாவுது" என்றாள். அது ஏன் அப்படி என்று வண்டியில் வரும்போது சொன்னேன். பாதி கேட்டாள். பாதியில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

திவசம் நல்லபடியாக முடிந்தது. அக்கா நாலு நாள் இருந்துவிட்டுத்தான் போவாளாம். இப்போது உள்ளே வடிவும் அவளும் பேசுகிற சத்தம் கேட்கிறது, என்னைப் பற்றித்தான்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. காலையில் வீட்டு வாசலில் அக்காவுக்குக் கால் கழுவ வடிவு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். ஆற்றைக் கடந்து வந்தும் சேலைக் கரை நனையவே இல்லை.